தகுதிச் சோதனையில் தேறாத காரைப் பணிமனையில் விடுமுன் கவனிக்க வேண்டியவை

எங்கள் கார் தகுதிச் சோதனையில் தேறாதபோது, சோதனை நிலையம் கொடுத்த தாளில் இரண்டே குறைகள் இருந்தன. பின்சக்கரங்களில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் பிரேக் விசை பெரிதும் வேறுபட்டது என்பது ஒன்று, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்பது மற்றொன்று. அந்தத் தாளைப் பெற்றுக்கொண்ட பணிமனை, முன்சக்கர பிரேக் பேடுகள், டிஸ்க்குகள், நான்கு ஷாக் அப்சார்பர்கள் எனத் தாளில் இல்லாதவற்றையெல்லாம் மாற்றிவிட்டு, இவற்றை மாற்றாமல் மறுசோதனையில் தேற முடியாது என்று கூறிப் பெருந்தொகையை வாங்கிக்கொண்டது. மறுசோதனையில் அதே இரண்டு குறைகளுக்காகவே கார் மீண்டும் திருப்பி அனுப்பப்பட்டது.

வேறொரு மெக்கானிக் பின்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றியபோதுதான் காரணம் தெரிந்தது. டிரம்மின் உட்புறத்தை உரசிச் சக்கரத்தை நிறுத்துவது பிரேக் ஷூ; அதைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒரு பக்கத்தில் கசிந்து, பிரேக் ஆயில் ஷூவின் மேல் படர்ந்திருந்தது. நனைந்த ஷூவால் டிரம்மை அழுத்திப் பிடிக்க முடியாது. எங்கள் காரில் பேடும் டிஸ்க்கும் முன்சக்கரங்களுக்கு உரியவை; அவற்றை எத்தனை முறை மாற்றினாலும் பின்சக்கர வேறுபாடு தீராது என்பது பிரேக் வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். எச்சரிக்கை விளக்கின் கதையும் இதுவே. எஞ்சின் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார்தான் பழுது; முதல் பணிமனையில் அதைத் தொடாமல், ஸ்கேனரைக் கொண்டு காரின் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டை மட்டும் அழித்து, விளக்கு அணைந்துவிட்டதாகக் காட்டியிருக்கிறார்கள். பழுது இருக்கும்வரை, கார் சிறிது தூரம் ஓடியதும் அந்த விளக்கு மீண்டும் எரியத்தான் செய்யும். பணம் போனதைவிட, பிரேக் சரியாகிவிட்டது என்று நம்பிக் குழந்தைகளை அந்தக் காரில் அழைத்துச் சென்றதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆகவே, தாளில் உள்ள ஒவ்வொரு குறைக்கும் எதிரே செய்யப்போகும் வேலையையும் அதன் செலவையும் எழுதி வாங்கிய பிறகே காரை ஒப்படையுங்கள். தாளில் இல்லாத வேலை எதையும் உங்கள் எழுத்துபூர்வமான சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் வேலை முடிந்தபின் கேட்டால் குப்பையில் போட்டுவிட்டோம் என்ற பதிலே கிடைக்கும். பல இடங்களில் குறித்த கெடுவுக்குள் திரும்பினால், தேறாத அம்சங்களை மட்டும் குறைந்த கட்டணத்திலோ கட்டணமின்றியோ மறுபடி சோதிப்பார்கள். அந்தக் கெடு நெருங்குவதைச் சொல்லித்தான் முதல் பணிமனையில் எங்களையும் அவசரப்படுத்தினார்கள். பிரேக், ஸ்டீயரிங், டயர் ஆகியவற்றில் ஆபத்தான குறை என்று எழுதப்பட்டிருந்தால், காரை ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவர்கள் முதல் சோதனைத் தாள், பணிமனையின் ரசீது, மறுசோதனைத் தாள் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒரே குறை இரண்டு தாள்களிலும் இருப்பதும், இடையில் உள்ள ரசீதில் அதற்கான வேலையே இல்லாததும் நுகர்வோர் புகாருக்கு வலுவான சான்று. நாங்கள் நகல்களை இணைத்துப் புகார் அளித்திருக்கிறோம், மூலத் தாள்களை யாரிடமும் கொடுக்கவில்லை.