வியன்னாவா, வெர்சாயா: எதை முதலில் படிப்பது?

நெப்போலியன் போர்களுக்குப் பின் ஐரோப்பாவை ஒழுங்குபடுத்திய வியன்னா மாநாடா, முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் சமாதான ஒப்பந்தமா? அரசுகளின் உறவு வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

தோற்றவருக்கு இடம்
வியன்னா (1814–15): தோற்ற பிரான்சின் வெளியுறவு அமைச்சர் தாலேரான் பேச்சுவார்த்தையிலேயே அமர்ந்தார்.
வெர்சாய் (1919): ஜெர்மனிக்குப் பேச்சில் இடமே இல்லை. 1871இல் ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்ட அதே கண்ணாடி மண்டபத்துக்கு வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் காட்சி இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆயுள்
வியன்னா: கிரிமியப் போர் (1853–56) வரை, சுமார் 40 ஆண்டுகள் வல்லரசுகள் தங்களுக்குள் மோதவில்லை.
வெர்சாய்: 20 ஆண்டுகள்.

மக்கள் குரல்
வியன்னா: போலந்து மக்களைக் கேட்காமலே அவர்கள் மண்ணைப் பங்கிட்டது.
வெர்சாய்: ஜெர்மனியும் போலந்தும் உரிமை கோரிய மேல் சிலேசியா போன்ற பகுதிகளில் வாக்கெடுப்புக்கு வழிசெய்தது.

பகைவரோடு பேசும் கலையைக் கற்க வியன்னா. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேசச் சங்கத்தின் (League of Nations) பிறப்பையும் இரண்டாம் உலகப் போரின் வேரையும் அறிய வெர்சாய்.