எழுதியவர் இங்கே என்ன செய்திருக்கிறார்?

8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து ஆண்டுகளாக இந்த முறையில்தான் எழுத்துப் பயிற்சி தருகிறேன். கேள்வி கேட்கவும் தேடவும் விடுவது, கற்பனையைக் கிளறிவிடுவது, நல்ல எழுத்தாளர் ஒருவரின் பகுதியை எதிரில் வைத்து அவருடைய கைவேலையைக் கவனிப்பது, இவ்வளவுதான். முதல் ஆண்டு படுதோல்வி.

தவறு என்னுடையது. ஒரு முழுக் கதையைப் படித்துக் காட்டி, "இதைப் போல எழுதுங்கள்" என்றேன். காக்கைக்குப் பதில் குருவி, ஆற்றுக்குப் பதில் குளம். மற்றபடி 20 நோட்டுகளிலும் அதே கதை. இப்போதெல்லாம் முழுக் கதை கேட்டு ரசிப்பதற்கு மட்டும். எழுத உட்காரும்போது நான்கைந்து வரிகளுக்கு மேல் தருவதில்லை. "எழுதியவர் இங்கே என்ன செய்திருக்கிறார்?" என்று மட்டும் கேட்பேன்.

ஒரு முறை, பயம் என்ற சொல்லே வராமல் பயத்தைக் காட்டிய பத்தி ஒன்றைப் பார்த்தோம். "கை நடுங்கியதை மட்டும்தான் சொல்கிறார்" என்று கண்டுபிடித்தான் 9 வயதுப் பையன் ஒருவன். முந்தைய வாரம் அவன் எழுதியிருந்தது: "மழை பெய்தது. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது." இரண்டாவது வரியை அடித்துவிட்டு, "குடையை விரிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. இனி எதற்கு என்று மடக்கிவிட்டேன்" என்று எழுதினான். ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அன்றைக்கு அதைத் தொடவில்லை.

கற்பனைக்கு, இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரொடாரி 1973-இல் வெளியான தம் நூலில் சொன்ன பயிற்சி எனக்குக் கைகொடுத்தது. ஒட்டாத இரண்டு சொற்களை மோதவிட வேண்டும். அவர் எடுத்துக்கொண்டவை நாயும் அலமாரியும். தமிழில் வேற்றுமை உருபுகளே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன: நாயின் அலமாரி, அலமாரியில் நாய், நாய்க்கு அலமாரி, அலமாரியால் நாய். கடைசியைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு பாதிப் பேர் அதைத்தான் எழுதினார்கள். உருபுகளை வாய்ப்பாடாக ஒப்பிக்க வைத்த நாட்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தேடல் நேரத்தை விழுங்கும். எதிரெதிரே வரும் எறும்புகள் ஏன் நின்றுவிட்டுப் போகின்றன என்று ஒரு சிறுமி கேட்டாள். தரையில் குந்திப் பார்த்ததும், உணர்கொம்பால் தொட்டு மணத்தை வைத்துத் தம் கூட்டத்தை அடையாளம் காண்கின்றன என்று புத்தகத்தில் தேடிப் பிடித்ததுமாக இரண்டு வாரம் போனது. எழுதியது அரைப் பக்கம். பார்த்தது எது, படித்தது எது என்று பிரித்து எழுதியிருந்தாள். பெரியவர்கள் பலருக்கே அது வருவதில்லை.

மதிப்பெண்ணை எதிர்பார்த்து இதில் இறங்கினால் ஏமாற்றம்தான். தேர்வு கேட்பது முன்னுரை, பொருளுரை, முடிவுரை. அதனால் தேர்வு மாதத்தில் நானும் பழைய கட்டுரைக்கே திரும்பிவிடுகிறேன். சென்ற முறை மாதிரிக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தபோது, அதன் முன்னுரைக்குப் பக்கத்தில் ஒருவன் பென்சிலால் எழுதி வைத்திருந்தான்: "எழுதியவர் இங்கே ஒன்றுமே செய்யவில்லை."