கடலா, பாலைவனமா? 1875-ல் சிங் அரசு முன் இருந்த இரண்டு வழிகள்

1874-ம் ஆண்டின் கடைசியில், சீனாவை ஆண்ட சிங் வம்சத்தின் பீஜிங் அரசவை, கடற்கரையை எப்படிக் காப்பது என்று மாகாண ஆளுநர்களிடம் கருத்துக் கேட்டது. அந்த ஆண்டுதான் ஜப்பான் தைவானில் படையை இறக்கியிருந்தது. 1871-ல், ஜப்பானுக்கும் தைவானுக்கும் இடையிலுள்ள ரியூக்யூ தீவுகளின் மாலுமிகள் 54 பேரைத் தைவான் பழங்குடியினர் கொன்றதைக் காரணமாகச் சொன்னார்கள். ஜப்பானியப் படையைத் திருப்பி அனுப்ப சிங் அரசு 5 லட்சம் டேல் வெள்ளி கொடுத்தது. ஒரு டேல் சுமார் 37 கிராம் வெள்ளி. மெய்ஜி ஆட்சி தொடங்கி ஆறே வருடமான நாட்டிடம் இப்படிப் பணியவேண்டி வந்தது பீஜிங்கை நன்றாகவே உலுக்கிவிட்டது.

அதே நேரத்தில் மேற்கு எல்லை கையை விட்டுப் போயிருந்தது. 1862-ல் ஷென்சி, கான்சு மாகாணங்களில் மூண்ட ஹுய் முஸ்லிம்களின் கிளர்ச்சி இரண்டே வருடத்தில் மேற்குக் கோடியிலுள்ள சின்ஜியாங்குக்கும் பரவியது. அந்தக் குழப்பத்தில் மத்திய ஆசியாவின் கோகந்திலிருந்து வந்த யாகூப் பேக், சின்ஜியாங்கின் காஷ்கரில் தனி ஆட்சியே அமைத்துவிட்டார். 1871-ல் ரஷ்யா அங்கேயே இலி பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டது. 1874-ல் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து மலை கடந்து போன ஃபோர்சைத் தூதுக்குழு யாகூப் பேக்கோடு வணிக ஒப்பந்தம் போட்டது.

இரண்டு பக்கமும் நெருக்கடி, கஜானாவோ காலி. தைப்பிங் என்ற பெரிய உள்நாட்டுப் போர் 1864-ல்தான் முடிந்திருந்தது.

டியன்ஜினில் இருந்த மாகாண ஆளுநர் லீ ஹோங்சாங்கின் யோசனை கசப்பானது, ஆனால் தெளிவானது. சின்ஜியாங்கை விட்டுவிடலாம். 18-ம் நூற்றாண்டில், சியன்லுங் பேரரசர் காலத்தில்தானே அது சேர்ந்தது. அமைதியாக இருக்கும்போதே வருடத்துக்கு 30 லட்சம் டேலுக்கு மேல் விழுங்குகிறது. ரஷ்யாவும் பிரிட்டனும் கண் வைத்திருக்கும் இடத்தை மீட்டாலும் நீண்ட நாள் காக்க முடியாது. அது போனால் கை காலில் அடி, கடற்கரை போனால் நெஞ்சிலேயே நோய். ஆகவே சின்ஜியாங்கை மீட்கும் படையெடுப்பை நிறுத்தி, அந்தப் பணத்தில் கப்பலும் பீரங்கியும் வாங்க வேண்டும் என்றார்.

கான்சுவின் லான்ஜோவில் இருந்து கிளர்ச்சியை அடக்கிய ஆளுநர் சுவோ சோங்டாங் கடலுக்கு எதிரி அல்ல. 1866-ல் ஃபூஜோ கப்பல் தளத்தைத் தொடங்கியவரே அவர்தான். அவருடைய வாதம் வேறு. கடல் வழியாக வருபவர்களுக்குத் துறைமுகமும் வியாபாரமும் போதும். ரஷ்யாவுக்கு வியாபாரத்தோடு நிலமும் வேண்டும். சின்ஜியாங் இருந்தால்தான் மங்கோலியா நிற்கும், மங்கோலியா நின்றால்தான் தலைநகர் நிற்கும். நாம் ஓர் அங்குலம் பின்வாங்கினால் எதிரி ஓர் அடி முன்னே வருவான். தவிர, படையைத் திருப்பி அழைப்பதால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. எல்லை கான்சுவுக்கு நகரும், அங்கேயும் படை வைத்துத்தானே ஆகவேண்டும்? எனக்கு இந்தக் கடைசி வாதம்தான் மிகப் பலமாகத் தெரிகிறது.

ஜப்பானைப் பற்றிய கணிப்பில் லீதான் சரி. கடலிலிருந்து வருபவர்களுக்கு நிலம் வேண்டாம் என்று சுவோ சொன்னது பிரிட்டனுக்கு ஓரளவு பொருந்தும், ஜப்பானுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. 1879-லேயே ரியூக்யூவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது.

1875 மே மாதம் அரசவை இரண்டையும் செய்வதென்று முடிவெடுத்தது. மூத்த அமைச்சர் வென்சியாங் சுவோவின் பக்கம் நின்றார். சுவோவுக்கு சின்ஜியாங் படைப் பொறுப்பு. வடக்குக் கடற்கரை லீயிடம், தெற்குக் கடற்கரை ஷென் பாவ்ஜெனிடம். கடற்படைக்கு வருடம் 40 லட்சம் டேல் என்று காகிதத்தில் எழுதினார்கள். அந்த முழுத் தொகை கைக்கு வந்து சேரவே இல்லை.

பணம் ஏன் வரவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பீஜிங்கிடம் இதற்கென்று தனிக் கஜானா கிடையாது. சுங்கத்திலிருந்தும், சரக்குகள் சாவடி கடக்கும்போதெல்லாம் பிடிக்கப்படும் லிஜின் வரியிலிருந்தும் மாகாணங்கள் ஒரு பங்கை அனுப்ப வேண்டும். உள்ளூர்ச் செலவு வந்தால் அந்தப் பங்கு நின்றுவிடும். சுவோவுக்கும் இதே கதிதான். அவர் தப்பித்தது கடனால். ஷாங்காயில் அவருக்காக வேலை பார்த்த வணிகர் ஹு சுவேயென், 1877-ல் ஹாங்காங் ஷாங்காய் வங்கியிடமிருந்து 50 லட்சம் டேல் கடன் ஏற்பாடு செய்தார். அரசு கட்டிய வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றேகால். பிரிட்டிஷ் அரசு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட யாகூப் பேக்கின் ஆட்சியை வீழ்த்த பிரிட்டிஷ் வங்கியின் பணமே உதவியது!

படையெடுப்பை சுவோ நிதானமாக நடத்தினார். முதலில் தானியம், அப்புறம்தான் படை. சின்ஜியாங்கின் ஹாமியில் படையினரே நிலம் உழுதார்கள். ரஷ்யர்களிடமும் தானியம் வாங்கினார். 1876 ஆகஸ்டில் தளபதி லியூ ஜின்டாங் உரும்சியைப் பிடித்தார். 1877 மே மாதம் யாகூப் பேக் கோர்லாவில் இறந்தார். டிசம்பரில் காஷ்கர் வீழ்ந்தது. இலிக்காக 1880-ல் போர் மூளும் நிலை வந்தபோது, தன் சவப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஹாமிக்குப் போனார் சுவோ. கடைசியில் தூதர் ஜெங் ஜிசே ரஷ்யாவோடு பேச்சுவார்த்தை நடத்தி, 90 லட்சம் ரூபிள் கொடுத்து, 1881-ல் இலியின் பெரும்பகுதியை மீட்டார். 1884-ல் சின்ஜியாங் மாகாணமாகியது.

இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1873-ல் கான்சுவின் சூஜோ நகரம் சரணடைந்த பிறகும் சுவோவின் படை ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. தப்பிய ஷென்சி ஹுய் மக்களில் ஒரு பகுதியினர் பாய் யான்ஹுவின் தலைமையில் ரஷ்ய எல்லைக்குள் ஓடினார்கள். அவர்களுடைய சந்ததியினர்தான் இன்று கிர்கிஸ்தானிலும் கஜகஸ்தானிலும் வாழும் துங்கான்கள். 1876 முதல் 1879 வரை வடசீனத்தில் பெரும் பஞ்சம். ஷான்சி, ஹெனான் உள்ளிட்ட மாகாணங்களில் 90 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அதே வருடங்களில் மேற்குப் போருக்கு மட்டும் இரண்டரைக் கோடி டேலுக்கு மேல் போனது. கப்பலா குதிரைப்படையா என்று எழுதிய இரண்டு மனுக்களிலும் இந்தக் கிராமங்களுக்கு இடமில்லை.

சரி, சுவோவுக்குக் கொடுத்த பணத்தால்தான் 1894-ல் ஜப்பானிடம் தோற்றார்களா? லீயின் ஆதரவாளர்கள் அப்படிச் சொல்லலாம். எனக்கு ஒப்புதல் இல்லை. மேற்குப் போர் முடிந்த பிறகு கடற்படைக்குப் பணம் வந்தது. ஜெர்மனியின் ஸ்டெட்டினில் கட்டிய டிங்யுவான், ஜென்யுவான் என்ற இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் 1885-ல் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஜெர்மனியின் குருப் நிறுவனம் செய்த 305 மி.மீ. பீரங்கிகள் நான்கு. 1888-ல் பெய்யாங் கடற்படை முறைப்படி அமைந்தபோது ஆசியாவில் அதற்கு ஈடு சொல்ல ஜப்பானிடம் எதுவும் இல்லை.

கெட்டது அதற்குப் பிறகுதான். 1888-க்குப் பின் பெரிய போர்க்கப்பல் எதுவும் வாங்கவில்லை. கடற்படை அலுவலகத்தின் பணம் பேரரசித் தாய் சிஷியின் கோடைக்கால மாளிகைக்குத் திரும்பியது. 1891-ல் வெளிநாட்டுக் கப்பல், பீரங்கி வாங்குவதையே நிதி அமைச்சகம் நிறுத்திவைத்தது. ஜப்பானோ வேகமான புதுக் கப்பல்களை வாங்கிக்கொண்டே இருந்தது. 1894 செப்டம்பர் 17 அன்று யாலு ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே நடந்த சண்டையில் டிங்யுவானின் கவசத்தை ஜப்பானியக் குண்டுகளால் துளைக்க முடியவில்லை. இருந்தும் சிங் தரப்பு ஐந்து கப்பல்களை இழந்தது, ஜப்பான் ஒன்றைக்கூட இழக்கவில்லை. பீரங்கி இருந்தது, சரியான வெடிகுண்டுகள் போதவில்லை.

இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் என்று நினைக்கிறேன். காஷ்கரைப் பிடிக்க ஒரு கடன், ஒரு தளபதி, மூன்று வருடம் போதும். முடிந்ததும் கணக்கை மூடலாம். கடற்படைக்கு நிலக்கரி, குண்டு, பயிற்சி, புதுக் கப்பல் என்று வருடந்தோறும் பணம் வேண்டும். முதல் வகைச் செலவை சிங் அரசு எப்படியோ சமாளித்தது. இரண்டாவதுக்கு வேண்டிய நிலையான வருவாயும் அதைக் காக்கும் அமைப்பும் அதனிடம் இல்லை. 1875-ல் லீயின் பக்கம் தீர்ப்பு வந்திருந்தால் டிங்யுவான் சில வருடம் முன்பே வந்திருக்கலாம். 1891-ல் பணம் நின்றது அப்போதும் நின்றிருக்கும், மேற்கில் சின்ஜியாங்கும் இருந்திருக்காது. அதனால்தான் 1875-ன் தேர்வில் என் ஓட்டு சுவோவுக்கு. 1895-ல் ஷிமோனோசெகியில் 20 கோடி டேல் இழப்பீட்டுக்கும் தைவானை விட்டுக்கொடுக்கவும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, இருபது வருடம் முன்பே ஜப்பானைச் சரியாகக் கணித்த லீ ஹோங்சாங்தான்.