கணினித் திரையைப் படமெடுக்கக் கைபேசியா, டிஎஸ்எல்ஆர் கேமராவா?

புதுச்சேரியிலும் கடலூரிலும் திரைக் கோளாற்றைப் படமெடுத்துப் பழுது பார்ப்பவருக்கு அனுப்ப விரும்புவோர், எதில் எடுப்பது என்று தயங்குகிறார்கள்.

செலவு: கைபேசி கையிலேயே இருக்கிறது, டிஎஸ்எல்ஆருக்கு முக்காலியும் வேண்டும்.

கரும்பட்டைகள்: 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், 1/60 நொடியைவிட வேகமான ஷட்டரில் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம் அதைவிடக் குறைந்தால்) படத்தில் பட்டைகள் விழக்கூடும், டிஎஸ்எல்ஆரில் 1/30 அல்லது 1/15 என்று நாமே வைத்துக்கொள்ளலாம், கைபேசியின் தானியங்கி முறையோ வெளிச்சமான திரையைக் கண்டதும் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டிவிடுகிறது.

அலைக்கோடுகள்: திரையின் புள்ளி வரிசையும் கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் உணரியின் புள்ளி வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று படிவதால் இரண்டிலும் வரும், சற்றுத் தள்ளி நின்றால் குறையலாம்.

கடலோர வீடுகளில் சன்னல் வெளிச்சம் திரையில் பிரதிபலிக்கும் என்பதால், எதில் எடுத்தாலும் முதலில் சன்னலைச் சாத்துங்கள்.

பிழைச் செய்தியைக் காட்டக் கைபேசியே போதும். திரையில் உள்ளதை அச்சில் ஏற்ற வேண்டியவர்களுக்கு டிஎஸ்எல்ஆரையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.