இரிடியமா, பாதரசமா? பேரழிவுக்கு நம்பகமான சாட்சி எது?

பூமியின் உயிரினங்களைக் கூட்டங்கூட்டமாக அழித்த பேரழிவுகளுக்குக் காரணம் விண்கல்லா, எரிமலையா? இந்த வழக்கில் மட்டக்களப்பின் குடும்பிமலை சாட்சி சொல்லாது. அதன் பாறை, டைனோசர்களுக்கு மிக முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. மட்டக்களப்பு வாவியின் சேறோ மிகப் பிந்தியது. ஆகவே நமது உயர்தர மாணவர்கள் பிற நாட்டுப் பாறைகளைத்தான் விசாரிக்க வேண்டும்.

இரிடியம் பூமியின் மேலோட்டில் மிக அரிது. பூமி உருவானபோதே இரும்போடு சேர்ந்து நடுப்பகுதிக்கு இறங்கிவிட்டது. விண்கற்களில் தாராளமாக உண்டு. 1980இல் லூயிஸ் அல்வாரெஸும் மகன் வால்டரும் அவர்களது குழுவினரும் இத்தாலியின் குப்பியோவில், டைனோசர்கள் அழிந்த காலத்து மெல்லிய களிமண் படையொன்றில் அது வழக்கத்தைவிட ஏறத்தாழ 30 மடங்கு இருப்பதாக அறிவித்தார்கள். டென்மார்க்கில் 160 மடங்கு. எரிமலைப் புகையிலும் இரிடியம் உண்டே என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஹவாயின் கிலாவெயாவில் அது உண்மையும்கூட. ஆனால் பெரும் மோதலின் அதிர்ச்சித் தழும்புள்ள குவார்ட்ஸ் துகள்களும், மெக்சிகோவின் சிக்சுலூப்பில் சுமார் 180 கிலோமீற்றர் அகலப் பள்ளமும் கிடைத்தபின் அந்த வாதம் தளர்ந்தது. 2024இல் அந்தப் படையிலுள்ள ருத்தேனிய உலோகத்தின் சமதானிகளை (ஒரே மூலகத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களை) ஆராய்ந்தவர்கள், வந்து விழுந்த கல் வியாழனுக்கு அப்பால் உருவான காபன் வகையது என்றார்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அழிவுக்கு எனக்கு இது போதும்.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெரும் அழிவில் இரிடியம் கைகொடுப்பதில்லை. அங்கே பேசுவது பாதரசம். எரிமலை அதை ஆவியாக உமிழ்கிறது. காற்று உலகெங்கும் பரப்புகிறது. சைபீரிய எரிமலைப் பாய்ச்சலின் காலத்துப் படிவுகள் பலவற்றில் அது திடீரென உயர்கிறது.

ஆனால் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடக்கூடாது. கண்டல் வேர்களுக்கடியில் கிடக்கும் கறுப்புச் சேற்றைப் போல, சேதனப் பொருள் மிகுந்த எந்தப் படிவும் பாதரசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எரிமலை வெடிக்காமலே அளவு கூடலாம். அதனால்தான் அதைச் சேதனக் காபனோடு விகிதமாக்கிப் பார்க்கிறார்கள். இன்னொரு சிக்கல்: சைபீரியாவில் மேலெழுந்த பாறைக்குழம்பு நிலக்கரிப் படைகளையும் சுட்டது, அதிலிருந்தும் பாதரசம் வெளியேறியிருக்கும். அப்போதும் மூலகாரணம் எரிமலைதான், வழிதான் வேறு.

இரு சாட்சிகளும் மோதுவது இந்தியாவின் தக்காணத்தில். அங்கே எரிமலைப் பாய்ச்சல் இரிடியப் படைக்கு முன்பே தொடங்கி, பின்னும் நீடித்தது. தக்காணம் காலநிலையைக் குலைத்திருக்கலாம். கொலைக் குற்றத்தை நான் விண்கல்லின் மீதே சுமத்துவேன். பாதரசம் உயர்ந்தது என்று மட்டும் சொல்லும் அறிக்கை எதுவானாலும், முதலில் காபன் விகிதத்தைத்தான் தேடுவேன்.