பேட்டரி விமானமா, ஹைட்ரஜன் விமானமா?

சேலத்தில் பொறியியல் படிக்கும் தம்பிகள் புராஜெக்டுக்கு எதை எடுப்பது என்று கேட்கிறார்கள்.

எடை: எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் சுமார் 0.25 யூனிட் ஆற்றல். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33. ஆனால் அதை அடைக்கும் தொட்டி கனம். பேட்டரியோ தரையிறங்கும்வரை எடை குறையவே குறையாது.

இதுவரை: இரண்டு பேர் அமரும் பேட்டரி விமானமான பிப்பிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோ 2020-லேயே ஐரோப்பியச் சான்று பெற்றது, சுமார் 50 நிமிடம் பறக்கும். ஹைட்ரஜனில் 19 இருக்கை டோர்னியர் 2023 ஜனவரியில் பறந்தது, அதுவும் ஒரு பக்கம் வழக்கமான இன்ஜினோடு.

கையாளுவது: பேட்டரிக்குச் சார்ஜர் போதும். திரவ ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும்.

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் பயிற்சிப் பறப்புக்குப் பேட்டரி. சென்னைவரை பயணிகளை ஏற்ற ஹைட்ரஜன். புராஜெக்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியை எடுங்கள். சேலத்து வெயிலில் பறக்கவிட்டால், சூடு ஆறிய அப்புறம்தான் சார்ஜ் போட வேண்டும்.