ஏஜென்டா, நேரடியா? கார் இன்சூரன்ஸில் நான் கட்சி மாறிய கதை

ஒன்பது வருடம் ஏஜென்ட் மூலமாக எடுத்தேன். மூன்று வருடமாக இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தளத்தில் நானே எடுக்கிறேன். இரண்டிலும் பட்டு முடித்த பிறகு என் ஓட்டு நேரடிக்குத்தான்.

பிரீமியம் பெரும்பாலும் கொஞ்சம் குறையும், ராத்திரி பதினோரு மணிக்கும் புதுப்பிக்கலாம் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். என்னை மாற்றியது அது இல்லை. பாலிசிக்கு விண்ணப்பிக்கும் புரபோசல் ஃபார்மை யார் நிரப்புகிறார் என்பதுதான்.

ஏஜென்ட் தங்கமான மனிதர். "கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்பார். நானும் போடுவேன். ஒரு வருடம் முன்கண்ணாடி உடைந்து கிளெய்ம் வாங்கியிருந்தேன். அடுத்த வருடம் நிறுவனம் மாறினோம். 'கடந்த ஆண்டு கிளெய்ம் உண்டா?' என்ற கேள்விக்குப் பழக்கதோஷத்தில் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டார். கிளெய்ம் வாங்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் கிடைத்தது. பிரீமியம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. புது நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரித்துவிட்டுக் கடிதம் போட்டபோதுதான் விழித்தேன். நல்லவேளை, வித்தியாசத் தொகையைக் கட்டியதோடு போயிற்று. அதற்குள் வண்டி எங்காவது மோதியிருந்தால் கிளெய்மே கைக்கு வராமல் போயிருக்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் இன்சூரன்ஸ் ஒப்பந்தத்துக்கு அஸ்திவாரம். டிக் அடித்தது அவர் பேனா. கீழே இருப்பது என் கையெழுத்து. இன்னொன்று, ஏஜென்ட் என்பவர் நிறுவனத்தின் ஆள். வாடிக்கையாளர் சார்பில் பேச வேண்டியவர் புரோக்கர். இரண்டும் ஒன்றுதான் என்று அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேரடியில் தப்பே நடக்காதா? முதல் வருடமே நடந்தது, அதுவும் என் கையால். பதிவுச் சான்றிதழில், வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணில் மங்கிப்போயிருந்த ஒரு வட்டத்தை ஆங்கில 'ஓ' என்று அடித்துவிட்டேன். தளமும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. இப்போதைய கார்களின் சேசிஸ் எண்ணில் 17 எழுத்தும் எண்ணும் கலந்து வரும். 1, 0 ஆகியவற்றோடு குழம்பக்கூடாது என்பதற்காக 'ஐ', 'ஓ', 'க்யூ' மூன்றையும் அதில் சேர்ப்பதில்லை. வட்டமாக இருந்தால் பூஜ்ஜியம்தான். பாலிசி வந்த அன்றே சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் கண்ணில் பட்டது. படத்தை இணைத்து மின்னஞ்சல் போட்டேன், நாலாம் நாள் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியைத் திருத்தியதற்கான இணைப்பு, வந்தது. அதைப் பாலிசியோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். திருத்தியதற்கு அதுதான் அத்தாட்சி.

ஏஜென்ட் காலத்தில் பெயரில் விட்டுப்போன ஒரே ஒரு இனிஷியலுக்கு இரண்டு மாதம் ஆனது. "சொல்லிட்டேன் சார், வந்துடும்." யாரிடம், எப்போது சொன்னார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

விபத்து நேரத்துக்கு மட்டும் நான் பெரிதாகச் சாட்சி சொல்ல முடியாது. நேரடிக்கு வந்தபின் ஒரு பம்பர் கீறலுக்கு மேல் கிளெய்ம் போட்டதில்லை. கண்ணாடி உடைந்தபோது சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை வரவழைத்தது முதல் ஒர்க்‌ஷாப்பில் பேசியது வரை ஏஜென்ட்தான் அலைந்தார். ஆளுக்குக் காயம், கோர்ட், கேஸ் என்று வந்தால் அப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய தெம்பு.

அதனால்தான் அப்பாவின் வண்டிக்கு இன்னமும் அதே ஏஜென்ட். ஃபார்ம் மட்டும் முதலில் என்னிடம் வரும். நான் படித்து முடித்த பிறகுதான் அப்பா கையெழுத்து.